காலையில் தாமதமாக ஸ்ராட்டாகும் கார்: கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரர் சுற்றை எங்கிருந்து சோதிப்பது?

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியர்

வணக்கம். நான் விசுவமடுவில் வசிக்கிறேன். பரந்தன் பக்கமுள்ள ஒரு பாடசாலைக்கு நாள்தோறும் காரில் போய் வருகிறேன். கார் 1990ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட ஜப்பானிய வண்டி; 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின். காபரேற்றர் இல்லாமல் இன்ஜெக்ரர் முறையில் ஓடுவது.

சென்ற ஐப்பசியில் தொடங்கிய குறை இது. இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் பத்துப் பன்னிரண்டு செக்கன் ஸ்ராட்டர் சுற்றிய பிறகே பற்றியது. பற்றிவிட்டால் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓடியது. பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் உடனே ஸ்ராட்டானது. பற்றரியும் ஸ்ராட்டரும் நல்ல நிலையில் உள்ளன.

கராஜ் ஒன்றில் காட்டினேன். நான்கு சிலிண்டர்களுக்கும் உரிய இன்ஜெக்ரர்களைத் தவிர, காற்று உள்ளே போகும் மனிஃபோல்டில் ஐந்தாவதாக, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும் ஒரு கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரர் இருப்பதாகவும், அதற்கு ஏர்த் (மின் எஞ்சின் உடலுக்குத் திரும்பும் வழி) வரவில்லை, அந்த ஏர்த்தைக் கொடுக்கும் ரைம் சுவிச் பழுதாகிவிட்டது என்றும் சொன்னார்கள். அந்தச் சுவிச்சைக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினாலும் கிடைப்பது கடினம் என்று கூறி, இன்ஜெக்ரரின் ஏர்த் வயரை வெட்டி, நேரடியாக எஞ்சின் உடலோடு போல்ற் போட்டு இணைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரங்கள் கடந்துவிட்டன. காலைத் தாமதம் குறையவில்லை. ஸ்ராட்டாகும்போது இப்போது கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் வருகின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, தருமபுரம் சந்தையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால், சூடாக இருக்கும் எஞ்சின் ஸ்ராட்டாக மறுக்கிறது. அக்சிலேற்றரை முழுவதும் மிதித்துக்கொண்டு சுற்றினால்தான் பற்றுகிறது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் அடுப்புக் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. என்னிடம் ஒரு சாதாரண மல்ரிமீற்றரும், எஞ்சின் கைநூலின் ஒளிநகலும் உள்ளன. சுற்றை முறையாகச் சோதிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?


பதில்: கிளிநொச்சி, வாகன மின்வேலை செய்பவர்

வணக்கம் ஆசிரியர். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் இந்தச் சுற்றின் போக்கை விளங்கிக்கொள்ளாமல் மீற்றரை வைத்தால், உங்களது கராஜில் நடந்த பிழை மறுபடியும் நடக்கும். ஆகவே அதை முதலில் எழுதுகிறேன்.

இந்த இன்ஜெக்ரருக்கு எந்நேரமும் மின் வருவதில்லை. நீங்கள் திறப்பைத் திருகி ஸ்ராட்டர் சுற்றுகின்ற நேரத்தில் மட்டும், ஸ்ராட்டர் றிலேக்குப் போகும் வழியிலிருந்து கிளை பிரியும் ஒரு வயர் அதன் ஒரு முனைக்கு மின்னைக் கொண்டுவருகிறது. மறுமுனையிலிருந்து புறப்படும் வயர், எஞ்சினின் தண்ணீர் றேடியேற்றரை நோக்கி வெளியேறும் வாயில் திருகப்பட்டிருக்கும் ரைம் சுவிச்சுக்குப் போய், அதன் வழியாகத்தான் ஏர்த்தைத் தொடுகிறது. சுவிச்சுக்குள்ளே இருப்பது, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. குளிரில் அது ஏர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சூடேறினால் வளைந்து விலகிவிடும். அந்தத் தகட்டைச் சுற்றி மெல்லிய சூடாக்கும் கம்பிச் சுருள் உண்டு. ஸ்ராட்டர் சுற்றும்போது அந்தச் சுருளுக்கும் மின் போகிறது. எனவே தண்ணீர் குளிராக இருந்தாலும், சில செக்கன்களில் சுருள் தகட்டைச் சூடாக்கி, இன்ஜெக்ரரின் ஏர்த்தைத் துண்டித்துவிடும். ரைம் சுவிச் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இதுதான். போஷ் நிறுவனத்தின் பழைய ஜெற்றோனிக் இன்ஜெக்ரர் முறைகளில் வரும் இதே வகைச் சுவிச்சின் உடலில் 35 பாகை, 8 செக்கன் என்பது போலப் பொறித்திருக்கும். தண்ணீர் 35 பாகைக்கு மேலிருந்தால் தொடுகை திறந்தே இருக்கும் என்பதும், உறைநிலைக்கு 20 பாகை கீழான கடுங்குளிரில்கூட 8 செக்கனுக்கு மேல் பெற்றோல் தெளிக்க விடாது என்பதும் அதன் பொருள். இந்த எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சில எஞ்சின்களில் கணனிப் பெட்டியும் இதே ஏர்த்தைத் தனியாகக் கொடுக்கும். அது உங்களது கைநூலின் மின்வரைபடத்தில் தெரியும்.

இப்போது நமது இடத்தை எண்ணிப் பாருங்கள். வன்னியில் மார்கழி, தை மாத விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெயில் ஏறிய பின் ஒன்பது மணிக்குக் கராஜில் நிற்கும் வண்டியின் தண்ணீர் 28, 30 பாகையில் இருக்கும். அந்த நேரத்தில் சுவிச்சில் ஏர்த் இல்லையென்றால், சுவிச் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கவும் கூடும். குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட சோதனை முறையை அப்படியே இங்கே பின்பற்றுவதால் நல்ல சுவிச்சுகள் பல குப்பைக்குப் போயிருக்கின்றன. இந்த வருத்தம் எனக்கு நீண்ட காலமாக உண்டு.

கராஜில் இணைத்த நேரடி ஏர்த் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் அகற்றிவிட்டது. எஞ்சின் சூடாக இருந்தாலும், திறப்பை நீங்கள் எத்தனை செக்கன் பிடித்திருக்கிறீர்களோ அத்தனை செக்கனும் பெற்றோல் மனிஃபோல்டுக்குள் பீய்ச்சப்படுகிறது. சந்தையில் வண்டி மறுப்பதும், அக்சிலேற்றரை மிதித்துக் கூடுதலாகக் காற்று விட்ட பின் பற்றுவதும், பிளக் கறுப்பதும் இதனால்தான். ஆனால் இந்த மாற்றத்துக்கு முன்பிருந்த காலைத் தாமதம் வேறொரு குறை. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காதீர்கள்.

முதல் வேலையாக, கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரரின் கனெக்ரரைக் கழற்றி, நீர் படாமல் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவைத்துவிட்டு, மூன்று நாட்கள் வண்டியை ஓட்டுங்கள். நமது வெப்பநிலையில் அது இல்லாமலே எஞ்சின் ஸ்ராட்டாக வேண்டும். சூட்டு மறுப்பும் புகையும் போய்விட்டால், மின் கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உறுதியாகும். கனெக்ரர் கழன்றிருக்கும்போதும் புகை தொடர்ந்தால், இன்ஜெக்ரரின் வாய் மூடாமல் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது வெட்டிய வயரை மீண்டும் பழைய வழியில் இணைப்பது. முறுக்கிவிட்டு ரேப் சுற்றினால் போதாது. ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போடுங்கள். அதன் பிறகு கழற்றிய கனெக்ரரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு பல்ப்பை இணைத்து, மற்றொருவரைத் திறப்பைத் திருகச் சொல்லுங்கள். இதற்கு மீற்றரை விட 21 வாற் சிக்னல் பல்ப் நல்லது. துருவேறி ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரிலும் மீற்றர் 12 வோல்ற் காட்டிவிடும். ஏனெனில் மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. 21 வாற் பல்ப் ஒன்றே முக்கால் அம்பியர் அளவில் இழுப்பதால், வயர் உண்மையில் சுமை தாங்குகிறதா என்பது பல்ப்பின் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். எஞ்சின் குளிராக இருந்தால் பல்ப் சிறிது நேரம் எரிந்து அணைய வேண்டும். சூடாக இருந்தால் எரியவே கூடாது. நமது காலைகளில் ஒரு செக்கன் எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி. நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் பிழை.

மீற்றர் தேவைப்படுவது தடையை அளக்கத்தான். கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் பெரும்பாலும் 2 முதல் 4 ஓம் வரை இருக்கும். ஏனைய நான்கு இன்ஜெக்ரர்களில் 13, 14 ஓம் காட்டும் எஞ்சின்கள் பல உண்டு. அதைப் பார்த்துவிட்டு இது ஷோர்ட் ஆகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ரைம் சுவிச்சின் அளவுகளை உங்களது கைநூலிலிருந்தே எடுங்கள். அவை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும்.


பதில்: மாங்குளத்திலிருந்து

என்னிடமும் இதே போன்ற பழைய வண்டி ஒன்று உண்டு. ரைம் சுவிச்சை நான் முற்றாக அகற்றிவிட்டு, டாஷ்போர்டின் கீழே அழுத்தும் சுவிச் ஒன்றைப் பொருத்தி, தேவையான காலையில் இரண்டு செக்கன் மட்டும் அழுத்துகிறேன். ஓராண்டாக எந்தத் தொல்லையும் இல்லை. சுவிச் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழி என்று நினைக்கிறேன்.


பதில்: புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற மெக்கானிக்

மாங்குளத்துத் தம்பி தன் வண்டியை அக்கறையோடு பாவிக்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த முறையை இந்த ஆசிரியருக்கு நான் சொல்லமாட்டேன். அழுத்தும் சுவிச் வீட்டிலுள்ள எல்லோருடைய கைக்கும் எட்டும். ஸ்ராட்டாகாத அவசரத்தில் இரண்டு செக்கன் எட்டாகிவிடும். எரியாத பெற்றோல் சிலிண்டரின் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும்.

இதை நான் இன்ஜெக்ரர் வண்டிகளில் கற்றுக்கொள்ளவில்லை. பெற்றோல் வடக்கே வராமல் தடைபட்டிருந்த 1990களில், இங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. அதற்காகச் சிறிய போத்தலில் பொன் போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரர் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். குளிரில் பெற்றோலின் ஒரு பகுதிதான் ஆவியாகும் என்பதால், கூடுதலாகத் தெளித்து, ஆவியாகும் பங்கைப் போதுமானதாக்குகிறது. அந்தக் காலத்தில் துளி கூடிப்போன எஞ்சின்களைத் திறந்தபோது, பிஸ்டன் றிங்குகள் தேய்ந்து, ஒயில் தண்ணீர் போல ஓடியதை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஆசிரியரே, எந்த வயரையும் தொடுவதற்கு முன் ஒயில் அளவுக்கோலை உருவுங்கள். அளவு மேற்கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் தங்கிய துளியை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். பிறகு கட்டைவிரலோடு சேர்த்துத் தேயுங்கள். பெற்றோல் மணம் அடித்து, வழவழப்பு இல்லாமல் விரல்கள் ஒன்றோடொன்று உரசினால், குறை தீர்ந்த பின் ஒயிலையும் பில்ரரையும் மாற்றியே ஆக வேண்டும்.

இன்ஜெக்ரர் கசிகிறதா என்று பார்ப்பதற்கு, அதை மனிஃபோல்டிலிருந்து கழற்றி, பெற்றோல் குழாயோடு சேர்த்தபடியே வாயை உலர்ந்த போத்தலுக்குள் பிடித்து, பம்பை ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். நிமிடத்துக்கு ஒரு துளிக்கு மேல் விழக் கூடாது. ஆனால் இரண்டரை, மூன்று பார் அழுத்தத்தில் நிற்கும் பெற்றோல் அது. வீட்டு முற்றத்தில் தனியாக இதைச் செய்யாதீர்கள். பற்றரியிலிருந்து பொறி பறக்காத இடத்தில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, பழகிய ஒருவரோடு செய்யுங்கள். குழாயை மீண்டும் பூட்டும்போது போல்ற்றின் இரண்டு பக்கத்துச் செப்பு வளையங்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய வளையம் ஒருமுறை நசுங்கியது. மறுபடி இறுக்கினால் கசியும். கீழே சூடான எஞ்சின் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

காலைத் தாமதத்தைப் பற்றி என் எண்ணம் வேறு. பகலில் உடனே ஸ்ராட்டாகி, இரவு நின்ற பின் மட்டும் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால், குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் இரவோடிரவாக இறங்கிவிடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். உங்களது கைநூலில் பம்பை நேரடியாக ஓடவிடும் முறை இருக்கும். அதன்படி காலையில் ஸ்ராட் செய்வதற்கு முன் ஐந்து செக்கன் பம்பை ஓடவிடுங்கள். அதன் பிறகு வண்டி உடனே பற்றினால், கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரருக்கும் உங்களது முதற்குறைக்கும் தொடர்பில்லை.


கேட்டவர்: விசுவமடு

மூவருக்கும் நன்றி. பத்து நாட்களாகச் செய்தவற்றை எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு ஐயா சொன்னபடி முதலில் ஒயிலைப் பார்த்தேன். மேற்கோட்டுக்கு மேலே அரை விரற்கடை ஏறியிருந்தது. துளியை விரலில் எடுத்தபோதே பெற்றோல் மணம் தெளிவாக அடித்தது. இரண்டு மாதங்களுக்கு முன் மாற்றிய ஒயில் அது.

கனெக்ரரைக் கழற்றி ஓட்டிய முதல் நாளே சந்தையில் வண்டி உடனே ஸ்ராட்டாகியது. மூன்றாம் நாள் கறுப்புப் புகையும் நின்றுவிட்டது. காலைத் தாமதம் மட்டும் சற்றும் மாறவில்லை.

பிறகு சிக்னல் பல்ப்பைக் கொண்டு சோதித்தேன். என் மகன் திறப்பைத் திருகினான். கராஜில் இணைத்த ஏர்த் இருந்தபோது, எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தும், ஸ்ராட்டர் சுற்றிய நேரம் முழுவதும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. அந்த ஏர்த்தை அகற்றி, பழைய வயரை ஈயம் வைத்து ஒட்டிய பின், மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சோதித்தபோது பல்ப் எரியவில்லை. இன்ஜெக்ரரின் தடை 3 ஓம்.

ரைம் சுவிச்சுக்கு என் கைநூல், இரு முனைகளுக்கும் இடையே 15 பாகைக்குக் கீழே 25 முதல் 45 ஓம் வரையும், 30 பாகைக்கு மேலே 65 முதல் 85 ஓம் வரையும் இருக்க வேண்டும் என்கிறது. அதிகாலையில் நான் அளந்தபோது 72 ஓம் இருந்தது. தண்ணீரின் வெப்பநிலை 25 பாகை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நின்றதால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. ஆகவே எஞ்சின் முழுவதும் ஆறிய பின் சுவிச்சைக் கழற்றினேன். முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் ஐஸ் கட்டி வாங்கி, நொறுக்கி ஒரு செம்பில் போட்டு, தண்ணீர் விட்டு, சுவிச்சின் உலோகப் பகுதி மட்டும் மூழ்கும்படி ஒரு கம்பியில் தொங்கவிட்டேன். முதல் இரண்டு நிமிடம் மீற்றர் 70ஐ ஒட்டியே நின்றது. பிறகு மெல்லிய ‘டிக்’ என்ற சத்தம் செம்புக்குள்ளிருந்து கேட்டது. அதே கணத்தில் மீற்றர் 36க்கு இறங்கியது. செம்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் பொத்திவைத்திருந்தேன். சிறிது நேரத்தில் மறுபடி 70ஐத் தாண்டியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எஞ்சினில் இருந்த பொருள் இன்னும் தன் வேலையைத் தவறாமல் செய்வதைப் பார்த்தபோது உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. பழுதாகிவிட்டது என்று சொல்லப்பட்ட சுவிச் இதுதான்.

நேற்றுக் காலை, ஸ்ராட் செய்வதற்கு முன் பம்பை ஐந்து செக்கன் ஓடவிட்டேன். திறப்பைத் திருகிய உடனேயே எஞ்சின் பற்றியது. இன்று காலை பம்பை ஓடவிடாமல் சோதித்தேன். மறுபடி பதினொரு செக்கன். எனவே அழுத்தம் இரவில் இறங்குகிறது என்பது உறுதியாகிவிட்டது. அது எங்கே இறங்குகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?


பதில்: கிளிநொச்சி, வாகன மின்வேலை செய்பவர்

ஐஸ் செம்புச் சோதனையை இவ்வளவு பொறுமையாகச் செய்ததற்கு என் பாராட்டுகள். சுவிச்சும் இன்ஜெக்ரரின் சுருளும் நல்லவை. ஏர்த் வழியில் எஞ்சியிருப்பது ஒட்டிய வயர் மட்டும். மின் வரும் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பல்ப்பின் ஒரு முனையைக் கனெக்ரரில் மின் வரும் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, திறப்பைத் திருகும்போது பல்ப் நல்ல வெளிச்சத்தோடு எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால், திறப்புச் சுவிச்சின் உள்தொடுகை தேய்ந்திருக்கும், அல்லது எங்கேனும் எலி கடித்திருக்கும். வயல் வீடுகளில் நிற்கும் வண்டிகளில் இந்த இரண்டாவது காரணத்தை நான் அடிக்கடி காண்கிறேன். அறுவடை முடிந்த மாதங்களில் பொனற்றுக்குள் எலி கூடு கட்டிவிடும். அதுவும் சரியாக இருந்தால், கோல்ட் ஸ்ராட் சுற்றின் மின்பக்கத்தை முடித்துவிடலாம்.

அழுத்தம் இறங்குவதற்கு நான்கு வழிகள் உண்டு. பம்பின் வாயிலுள்ள திரும்பாத் தடுப்பு வால்வு, பெற்றோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர், நான்கு இன்ஜெக்ரர்களில் ஏதேனும் ஒன்றின் கசிவு, கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரரின் கசிவு. றெகுலேற்றரில் செருகியிருக்கும் சிறிய வெற்றிடக் குழாயைக் கழற்றி முகருங்கள். அதற்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, வேறு சோதனை தேவையில்லை. ஈரம் இல்லையென்றால் அழுத்த மீற்றர் பொருத்திப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழிந்த பிறகும் 1.5 பார் அளவுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று இந்த வகை எஞ்சின்களின் கைநூல்கள் சொல்லும். இறங்கினால், மறுபடி அழுத்தம் ஏற்றி, பம்பை நிறுத்திய உடனே பம்பிலிருந்து வரும் இறப்பர்க் குழாயை அதற்குரிய மழுங்கிய கிளாம்பால் நெருக்குங்கள். அழுத்தம் நின்றால் குற்றவாளி பம்பின் வால்வு. நிற்காவிட்டால் அதே முறையில், றெகுலேற்றரிலிருந்து பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போகும் குழாயை நெருக்குங்கள். அப்போது நின்றால் றெகுலேற்றர். இரண்டையும் நெருக்கிய பிறகும் இறங்கினால் ஏதோ ஓர் இன்ஜெக்ரர் சொட்டுகிறது. குறட்டால் நெருக்கிக் குழாயை வெட்டிவிடாதீர்கள். அழுத்த மீற்றரோடு உங்களது வீட்டுக்கு வர என்னால் முடியும். கிளிநொச்சியிலிருந்து அதிக தூரம் இல்லை.


கேட்டவர்: விசுவமடு

நேற்று அந்த அண்ணன் வந்து, என்னோடு இருந்து, எல்லாவற்றையும் செய்து காட்டினார். அவரது நேரத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். றெகுலேற்றரின் வெற்றிடக் குழாய் உலர்ந்திருந்தது. எஞ்சினை நிறுத்தி இரண்டு நிமிடத்துக்குள் மீற்றர் சுழியத்துக்கு வந்தது. பம்பிலிருந்து வரும் குழாயை நெருக்கியபோது, ஊசி அசையாமல் இருபது நிமிடம் நின்றது. கோல்ட் ஸ்ராட் இன்ஜெக்ரர் உட்பட எந்த இன்ஜெக்ரரிலும் கசிவு இல்லை என்பதும் அதனாலேயே தெரிந்துவிட்டது. கழற்றிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. பின்னிருக்கையின் கீழுள்ள மூடியைத் திறந்து பம்பை மாற்ற முடிவு செய்துள்ளோம். பம்பு மாற்றிய அன்றே ஒயிலும் பில்ரரும் மாற்றப்படும். பிளக்குகளைத் துப்புரவாக்கிப் போட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கனெக்ரர் இல்லாமலே வண்டி நன்றாக ஓடுகிறது. நமது இடத்தில் அது தேவையில்லை என்றால், கழற்றியபடியே விட்டுவிடலாமா? பங்குனி விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போக எண்ணியிருக்கிறோம்.


பதில்: புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற மெக்கானிக்

கனெக்ரரைப் பூட்டிவிடுங்கள், ஆசிரியரே. சுவிச் நல்லது, வயர் நல்லது, இன்ஜெக்ரர் கசியவில்லை. அப்படியிருக்கும்போது அது விசுவமடுவில் உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. பெரும்பாலான காலைகளில் திறக்கவே திறக்காது. நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகையை ஒட்டி இறங்கும்போது உங்களது சுவிச் ஏர்த்தைத் தொடும். அன்று அந்த இன்ஜெக்ரர் உங்களுக்குத் தேவைப்படும். செம்புக்குள் நீங்கள் கேட்ட ‘டிக்’ அங்கே தண்ணீர் வாயிலுக்குள் நடக்கும். ஸ்ராட்டர் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது.

பூட்டுவதற்கு முன் கனெக்ரரின் இரண்டு பித்தளை முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டு, உள்ளே உள்ள இறப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். இந்த மாரியில் பொலித்தீன் சுற்றிக் கிடந்த கனெக்ரருக்குள் ஈரம் நின்றிருக்கும். ரைம் சுவிச்சைத் திரும்பப் பூட்டியபோது கூலன்ற் எவ்வளவு வெளியேறியது என்று நீங்கள் எழுதவில்லை. றேடியேற்றரின் மூடியை, எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து, நிரப்பி, காற்றுக் குமிழ் வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி அளவைப் பாருங்கள். அந்தச் சுவிச்சும், கணனிக்கு வெப்பத்தைச் சொல்லும் சென்சரும் ஒரே வாயிலில் இருப்பவை. அங்கே தண்ணீர் இல்லாமல் காற்று நின்றால், எஞ்சின் சூடேறியிருந்தும் இரண்டும் குளிர் என்றே நினைத்துக்கொள்ளும்.